முகநரம்பை முதலில் தேடியவர்

1. நான், கதிரேசன் த/பெ மாணிக்கம், பிரிக்பீல்ட்ஸில் தொழில் புரியும் வழக்கறிஞர். மருத்துவம் கற்றவன் அல்லன். கீழே கூறுபவற்றுள் அறுவை அறைக்குள் நடந்தவை, அங்கிருந்த தாதி ராஜேஸ்வரி எனக்குச் சொன்னவை. ஏனையவை நானே கண்டவையும் கேட்டவையும்.

2. அறுவை மருத்துவர் டாக்டர் தேவசுந்தரிக்கு நான் உறவினன் அல்லன். அவர் கத்தி வைத்த ஒரு முகத்துக்கு அண்ணன்.

நீதிமன்றத்துக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தபோது தம்பி முகுந்தன் அழைத்தான். "அண்ணே, டாக்டரம்மா போய்ட்டாங்க. தூக்கத்துலேயே." நிறைவாக வாழ்ந்து அமைதியாகப் போனவருக்காகப் பெரிதும் வருந்துவது பொருந்தாது. ஆயினும், அவரை அறிந்து, இந்த அஞ்சலிக்குக் கூடியிருக்கும் உங்களிடம் சிலவற்றைச் சொல்லி வைப்பது பொருந்தும் என்று கருதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் முகுந்தனின் வலக் காதுக்கு முன்னால், எச்சில் சுரப்பியில், ஒரு கட்டி வளர்ந்தது. புற்று இல்லை, ஆனாலும் எடுத்தாக வேண்டும். முகத்தை அசைக்கும் நரம்பு, காதுக்குக் கீழே மண்டையோட்டிலிருந்து வெளிவந்து, அதே சுரப்பிக்குள் நுழைந்து, நெற்றி, கண், கன்னம், உதடு, கழுத்து எனக் கிளை பிரிகிறது. முகுந்தன் கிள்ளான் வட்டாரக் கால்பந்து நடுவர். உதட்டுக்குப் போகும் கிளை கெட்டால் விசில் ஊத முடியாது.

முதல் சந்திப்பில் டாக்டர் அவனைப் புருவம் தூக்கச் சொன்னார், கண்ணை இறுக மூடச் சொன்னார், பல்லைக் காட்டச் சொன்னார். பிறகு, "தம்பி, உங்க சிரிப்பு இப்பவே கொஞ்சம் கோணல்தான். அண்ணன் லாயர்னு பின்னாடி என் மேல கேஸ் போட்றாதீங்க" என்றார். நான் விடவில்லை, விசில் ஊத முடியும் என்று எழுதித் தர இயலுமா என்று கேட்டேன்.

"கேரண்டி வேணும்னா டிவி கடைக்குப் போங்க லா. நான் கவனமா இருப்பேன். அவ்ளோதான் சொல்ல முடியும்."

அந்தக் கவனம் எத்தகையது என்பதை ராஜேஸ்வரி பின்னர் விளக்கினார். டாக்டர் அறுவையின்போது நோயாளியின் முகத்தைத் துணியால் மூட விடமாட்டாராம். கண்ணாடி போன்ற தாளின் கீழ் கண்ணும் வாயும் தெரிய வேண்டும். தசைகளைத் தளர்த்தும் மருந்தின் வேகம் தணியும்வரை காத்திருப்பார்; இல்லையேல் நரம்பைத் தொட்டாலும் முகம் துடிக்காது. ராஜேஸ்வரிக்கு அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது மட்டுமே வேலை. உதடு துடித்தால் "வாய்!" என்று குரல் கொடுக்க வேண்டும், டாக்டரின் கை உடனே நிற்கும். கட்டி கண்ணெதிரே இருந்தாலும், நரம்பின் அடித்தண்டைக் கண்டபிறகே அதைத் தொடுவார். அவசரப்பட்ட இளம் மருத்துவர் ஒருவரிடம் சொன்னாராம்: "கட்டி எங்கேயும் ஓடிறாது. நரம்பைத் தேடுப்பா."

மறுநாள் காலை டாக்டர் கட்டிலருகே வந்து, "சிரிங்க தம்பி" என்றார். சிரித்தான். வலப்பக்கக் கீழுதடு அசையவில்லை. அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்தார்.

"நரம்பு அறுபடல. முழுசா இருக்கறதைப் பாத்துட்டுத்தான் தையல் போட்டேன். கட்டி அதை நெருக்கிட்டு இருந்துச்சு, பிரிக்கும்போது இழுபட்டிருக்கு. திரும்பி வரும்னு நம்பறேன். எப்போன்னு கேக்காதீங்க, தெரியாது."

தமக்குத் தெரியாததைத் தெரியாது என்று அத்தனை தெளிவாகச் சொன்ன சாட்சியை நான் எந்த நீதிமன்றத்திலும் கண்டதில்லை. முகுந்தன் மட்டும் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

அடுத்த மாதங்களில் விசில் ஊத முடியாமல் திடலோரம் நின்றவனை நண்பர்கள் விடவில்லை. "டேய் ரெஃப்ரீ, டயர்ல காத்து லீக் ஆவுதுடா!" சோதனைக்குப் போகும்போதெல்லாம் டாக்டர் முன்னால் விசிலை ஊதிக் காட்டுவான், வாயோரமாகக் காற்று கசியும். அவர் பொய்யாகப் பாராட்டியதில்லை. "போன தடவைக்கு இது பரவால்ல" என்பார். அது உண்மையாக இருக்கும்போது மட்டும்.

பின்னொரு மாலை, சுங்கை வேயில் ஓர் ஆட்டத்தின் கடைசி நேரத்தில் முகுந்தன் பெனால்டி கொடுத்தான். தோற்ற அணி அவனைச் சூழ்ந்துகொண்டது. அந்தக் கூச்சலுக்கு நடுவிலேயே டாக்டரை அழைத்தான். "டாக்டரம்மா, எல்லாரும் என்னைத் திட்டறாங்க!"

"விசில் அவ்ளோ தூரம் கேட்டுச்சா? அப்ப சரியாயிடுச்சு. போனை வெச்சிட்டு ஓடுங்க தம்பி" என்றாராம்.

டாக்டர் தேவசுந்தரியின் கைவேலையாக என்னிடம் இருப்பது என் தம்பியின் முகம். ஞாயிறுதோறும் அது என் வீட்டு மேசையில் எனக்கு எதிரே அமர்ந்து, மீன் குழம்பில் புளி அதிகம் என்று இரு பக்கமும் ஒரே அளவில் சுளிக்கிறது.

கையொப்பம்: கதிரேசன் த/பெ மாணிக்கம்

சாட்சிகள்:
முகுந்தன் த/பெ மாணிக்கம், கிள்ளான்
ராஜேஸ்வரி த/பெ அந்தோணி, தாதி