மூச்சு விட்ட லோரி

சூடாகிற இஞ்சினைப் பழுது பார்க்கும் தொழில், காய்ச்சல் கண்ட குழந்தையை கிளினிக்குக்குத் தூக்கிப் போகிற மாதிரிதான். டாக்டர் தொட்டுப் பார்க்கும்போது மட்டும் உடம்பு ஜில்லென்று இருக்கும். லோரி வைத்திருப்பவர்கள், லோரி ஓட்டுகிறவர்கள், என்னைப் போல லோரிக்கு அடியில் மல்லாந்து கிடப்பவர்கள் எல்லோரும் இந்தப் பாட்டைப் பட்டிருப்பீர்கள். ரோட்டில் பொங்கிய வண்டி, பெங்கேல் பட்டறைக்குள் நுழைந்ததும் நல்ல பிள்ளையாகிவிடும். நமக்கும் பைத்தியம் பிடிக்கும், கொண்டு வந்தவனுக்கும் பிடிக்கும். பினாங்குத் தீவின் ஜெலுத்தோங்கில் இருக்கும் என் பெங்கேலுக்கு அப்படி எத்தனையோ வண்டிகள் வந்திருக்கின்றன. அன்வர் பாயின் லோரியைப் பற்றி மட்டும் நான் யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை.

அக்கரைக்குப் போகாத வண்டி

அன்வர் பாய் கல்யாண வீடுகளுக்குக் கூடாரமும் நாற்காலியும் வாடகைக்கு விடுகிறவர். சுங்கை பாக்காப் பக்கமிருந்து ஒரு பழைய லோரியை வாங்கி வந்திருந்தார். முன்பு வைத்திருந்தவர் அதற்கு என்னென்னவோ செய்திருந்தார். டர்போ ஏற்றியிருந்தார். இஞ்சினோடு சேர்ந்து சுற்றும் பழைய ஃபேனைக் கழற்றிவிட்டு, ரேடியேட்டருக்குப் பின்னால் இரண்டு கரண்ட் ஃபேன்கள் மாட்டியிருந்தார். ஆசை ஆசையாய், நறுவிசாகச் செய்த வேலை. மாற்றங்கள் செய்த வண்டி சூடாகிறது என்றால் பாதி நேரம் அரைகுறை வேலைதான் காரணமாக இருக்கும். இதில் அப்படி ஒன்றும் கண்ணில் படவில்லை.

புகார் இதுதான். ஜார்ஜ்டவுன் ஜாமில் நாள் முழுக்க ஊர்ந்தாலும் ஒன்றும் ஆகாது. சாமான் ஏற்றிக்கொண்டு, அக்கரைக்குப் போகப் பினாங்குப் பாலத்தில் ஏறினால் சூட்டு மீட்டரின் ஊசி சிவப்புக்குப் போய்விடும். இறக்கிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்பும்போது அதே பாலத்தில் சாதுவாக வரும். அக்கரை நிபோங் திபாலில் ஒரு கல்யாணத்துக்குக் கூடாரம் போய்ச் சேராமல் மாப்பிள்ளை வீட்டார் வெயிலில் நின்றிருக்கிறார்கள். டிரைவர் குணா வேலைக்குச் சோம்பல்பட்டுக்கொண்டு கதை கட்டுகிறான் என்பது பாயின் கட்சி. இன்னொரு தடவை இப்படி ஆனால் வேறு ஆள் பார்த்துக்கொள்வேன் என்று என் முன்னாலேயே சொல்லிவிட்டுப் போனார். குணாவுக்கு அப்போதுதான் பெண் குழந்தை பிறந்திருந்தது. பாய் போனதும் அவன் மெதுவாகச் சொன்னான்: "அண்ணே, இது கொதிக்கல. அக்கரைக்குப் போகமாட்டேன்னு அடம் பிடிக்குது."

எல்லாம் நல்லா இருக்கு

நான் சிரித்தேன். தெர்மோஸ்டாட்டைக் கழற்றி சட்டித் தண்ணீரில் போட்டுக் காய்ச்சினேன். திறக்கவேண்டிய சூட்டில் திறந்தது. ரேடியேட்டரைக் கழுவினேன், துளி அழுக்கில்லை. தண்ணீர் பம்ப், மூடி, ஹோஸ் எல்லாம் பார்த்தேன். ஹெட் கேஸ்கட் போயிருக்குமோ என்று சோதித்தேன், அதுவும் இல்லை. டர்போவின் அழுத்தத்தைக் குறைத்தும் பார்த்தாயிற்று. இஞ்சினை ஓடவிட்டுக் காலையிலிருந்து சாப்பாட்டு நேரம்வரை பார்த்தேன். சூடு ஏறியதும் இரண்டு ஃபேனும் கிர்ரென்று சுற்ற ஆரம்பித்தன. ஊசி பாதியில் நின்றது நின்றதுதான்.

ஒரே ஒரு விஷயம். முகப்புக் கம்பிகளுக்கு முன்னால் குனிந்து பார்த்தபோது கன்னத்தில் சூடாக ஏதோ பட்டது. காற்று என்றுகூடச் சொல்ல முடியாது. பக்கத்தில் நின்று ஒருவர் பேச வாயெடுத்தால் படுமே, அந்த மாதிரி. ரேடியேட்டருக்கு முன்னால் நின்றால் சூடடிக்காமல் குளிரா அடிக்கும் என்று என்னையே சமாதானம் செய்துகொண்டேன். ஆனால் கை தானாகக் கன்னத்தைத் துடைத்துவிட்டது. வாசலில் நின்றபடி குணா அதைப் பார்த்துவிட்டான். அவன் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது, துணைக்கு ஆள் கிடைத்துவிட்ட மாதிரி. "உங்க மேலயும் மூச்சு விட்டுச்சா அண்ணே?"

பாலத்தில் ஏறிய பிறகு

வேறு வழியில்லாமல், நாற்காலிகளை ஏற்றிக்கொண்டு நானும் குணாவுடன் கிளம்பினேன். நல்ல வெயில் நேரம். ஊருக்குள் ஒன்றுமில்லை. பாலத்தில் ஏறி, முன்னால் வண்டிகள் விலகி, குணா வேகம் பிடித்ததும் ஊசி அசைந்தது. ஒரே சீராக, யாரோ விரலால் தள்ளுகிற மாதிரி ஏறியது. பாலம் மேடாகும் இடத்தில் இரண்டு பக்கமும் கடல் வெள்ளையாகக் கண்ணைக் கூசவைத்தது. கூலண்ட் வாசனை உள்ளே வந்துவிட்டது. அங்கே நிறுத்தவும் முடியாது.

நான் ஒன்றும் சொல்லாமலே குணா காலைத் தளர்த்தினான். வண்டி ஊர்ந்தது. பின்னால் ஹார்ன் அடித்தார்கள். ஊசி இறங்கியது.

இங்கேதான் எனக்குக் கணக்கு இடித்தது. உங்களுக்கே தெரியும், வேகமாகப் போனால் எதிர்காற்று அடித்து ரேடியேட்டர் ஆறவேண்டும். மெதுவாகப் போனால்தான் சூடு ஏறவேண்டும். இது நேர்மாறாகச் செய்தது. "மறுபடியும் மிதி" என்றேன். மிதித்தான், ஏறியது. விட்டான், இறங்கியது. அக்கரையில் செபராங் ஜெயா திருப்பம் வரைக்கும் அந்த லோரி எங்களை ஒரு வேகத்துக்கு மேல் விடவேயில்லை. ஏர்கோன் இல்லாத வண்டி, வியர்வை வழிகிறது, எனக்குக் கையெல்லாம் மயிர் சிலிர்த்து நிற்கிறது. குணா ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னான்: "மெதுவாப் போன்னு யாரோ சொல்ற மாதிரியே இருக்குண்ணே. கோபமா இல்ல. வீட்டு ஆளு சொல்ற மாதிரி."

தங்கத்தாள்

அது சீனர்களின் பேய் மாசம், செத்தவர்கள் ஊருக்குள் வருவார்கள் என்று அவர்கள் நம்புகிற மாசம். என் பெங்கேலுக்குப் பக்கத்து ஹார்ட்வேர் கடைச் சீன அங்கிள், ரோட்டோரம் தகர டின்னில் செத்தவர்களுக்கான தங்கத்தாள்களை எரித்துக்கொண்டிருந்தார். நான் லோரியை முகப்பு ரோட்டைப் பார்க்க நிறுத்தி, இஞ்சினை ஓடவிட்டு, என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். ஃபேன்கள் சுற்றிக்கொண்டிருந்தன. அன்வர் பாய் அதற்குள் இரண்டு தடவை போன் போட்டு, "பள்ளிவாசல்ல சொல்லி யாரையாச்சும் ஓதச் சொல்லவா தம்பி?" என்று கேட்டிருந்தார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

காற்றில் ஒரு தங்கத்தாள், ஓரம் கருகியது, டின்னிலிருந்து எழும்பி லோரிக்கு நேராக வந்தது. ரேடியேட்டர் காற்றை இழுக்கும். தாள் போய்க் கம்பியில் ஒட்டிக்கொள்ளும் என்று சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன். ஒட்டவில்லை. கம்பிக்கு ஒரு சாண் முன்னால் அந்தரத்தில் நின்றது. நடுங்கியது. பிறகு யாரோ வேண்டாம் என்று கையால் தள்ளிவிட்ட மாதிரி திரும்பி வந்து என் சப்பாத்துக் காலின் மேல் விழுந்தது. அங்கிள் இரண்டு கைகளையும் கூப்பிக்கொண்டு பின்னால் நகர்ந்தார். நானும் எழுந்து நின்றுவிட்டேன்.

மெல்ல மெல்லத்தான் மூளை வேலை செய்தது. ஒரு பேப்பரை எடுத்துக் கம்பி அருகே பிடித்தேன். அதையும் தள்ளியது. ஃபேன்கள் தலைகீழாகச் சுற்றிக்கொண்டிருந்தன! வெளிக்காற்றை உள்ளே இழுக்கவேண்டியவை, இஞ்சின் சூட்டை வெளியே ஊதிக்கொண்டிருந்தன. நிற்கும்போது அந்த ஊதலே ரேடியேட்டருக்குப் போதும். வேகம் பிடித்தால் எதிர்காற்று உள்ளே தள்ள, ஃபேன் வெளியே தள்ள, இரண்டும் மோதிக்கொண்டு காற்றே அசையாது. சுமை இருந்தால் கொதிக்கும், வெறும் வண்டி தாங்கும். நான் ஃபேன் சுற்றுகிறதா என்று பார்த்தேனே தவிர, எந்தப் பக்கம் என்று பார்க்கவில்லை. இரண்டு மோட்டாரின் வயர்களும் மாறியிருந்தன. ஒன்று மாறியிருந்தால் அவசரத்தில் செய்த தப்பு எனலாம். இரண்டையும் வெட்டி, மாற்றி ஒட்டி, ஈயம் வைத்து, அழகாக டேப் சுற்றியிருந்தது. வயர்களைச் சரியாக மாட்டிவிட்டு, பேயும் இல்லை ஒன்றும் இல்லை, வயர்தான் என்று அங்கிளுக்கு விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு மலாயில் கேட்டார்: "சரி லா, வயர்தான். அதை மாத்தி வச்சது யாரு?"

ஊசி அசையாத நாள்

மறுபடியும் நாற்காலி ஏற்றி, மறுபடியும் பாலம். குணா மிதித்தான், ஊசி பாதியில் ஆணி அடித்த மாதிரி நின்றது. அக்கரை போய்ச் சேர்ந்ததும் பாய்க்கு போன் போட்டேன். அவர் குணாவிடம் கொடுக்கச் சொல்லி, "மனசுல வச்சுக்காதடா" என்றார். அவனுடைய வேலை தப்பித்தது. சந்தோஷப்படுவான் என்று பார்த்தால், திரும்பி வரும்போது பாலத்தில் அவனாகவே வேகத்தைக் குறைத்து, பக்கத்தில் நானிருப்பதையும் மறந்தவன்போல மீட்டரையே பார்த்துக்கொண்டு வந்தான். "இப்ப அது ஒண்ணும் சொல்லலண்ணே. தனியா ஓட்டற மாதிரி இருக்கு."

மீனா அக்கா வந்தார்

அங்கிள் கேட்ட கேள்வி எனக்குள் கிடந்து குடைந்தது. பாயிடம் நம்பர் வாங்கி, லோரியை விற்றவரைக் கூப்பிட்டேன். ஒரு பெண் எடுத்தார், பெயர் மீனா. கணவர் தேவா இறந்த பிறகு லோரியை விற்றவர் அவர்தான். ஃபேன் வயர் என்று நான் ஆரம்பித்ததும் அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த டிவியை நிறுத்தினார். பிறகு, "வண்டி இன்னும் அங்கதான் இருக்கா தம்பி? நான் வந்து பாக்கலாமா?" என்று கேட்டார்.

கல்யாணம் எதுவும் இல்லாததால் லோரி முந்தின நாளிலிருந்து என் பெங்கேலிலேயே நின்றது. காலையில் குணா இருக்கும்போதே அக்கா வந்தார். எலக்ட்ரானிக் தொழிற்சாலையில் ஈயம் வைக்கிற வேலை செய்தவர். லோரிக்கு எதிரில் நின்று, குணாவின் வேலை போகவிருந்ததை நான் சொல்லியிருந்ததால் அவனைப் பார்த்துத்தான் பேசினார். "அவருக்கு வேகம்னா உசுரு. டர்போ போட்டப்பறம் நான் ராத்திரியெல்லாம் தூங்கினதே இல்ல. சொல்லிப் பாத்தேன், அழுது பாத்தேன், சாமிமேல சத்தியம் வாங்கிப் பாத்தேன். கடைசியில அவர் குளிக்கப் போனப்ப வயர மாத்திட்டேன். வேகமாப் போனா சூடாகும், மெதுவாப் போனா ஆறிடும்னு கணக்குப் போட்டுத்தான் செஞ்சேன். பத்து பெங்கேல்ல காட்டியிருப்பாரு. எல்லாரும் ஃபேன் சுத்துதுன்னுட்டாங்க. அப்புறம் அவரே, 'இதுக்கு வேகம் பிடிக்கல மீனா'ன்னு மெதுவா ஓட்டப் பழகிட்டாரு. கிட்னி போய் படுக்கையிலதான் போனாரு, ரோட்டுல இல்ல. விக்கும்போது சொல்லியிருக்கணும், வாய் வரல. உன் வேலைக்கே ஆபத்தாயிடுச்சு, மன்னிச்சுக்கோ தம்பி." குணா, "பரவால்லக்கா, எனக்கும் அது நல்லதுதான் சொல்லிச்சு" என்றான்.

அக்கா கிட்டே போய் முகப்புக் கம்பியில் கை வைத்தார். அப்போது ஃபேன்கள் சுற்ற ஆரம்பித்தன. அந்த ஃபேன்கள் நேராக பேட்டரியில் கொடுத்தவை, தண்ணீர் சூடானால் சாவி இல்லாமலும் ஓடும்; அது எனக்குத் தெரியும். ஆனால் அந்த இஞ்சின் முந்தின நாளுக்குப் பிறகு ஓடவில்லை. ரேடியேட்டர் கல் மாதிரி குளிர்ந்திருந்தது. வயர்களை நான்தான் சரிசெய்திருந்தேன் என்பதால் காற்று இப்போது உள்ளே இழுத்தது. அக்காவின் துப்பட்டா நுனி பறந்து போய்க் கம்பியில் ஒட்டிக்கொண்டது. குணா சுவரோடு சாய்ந்துவிட்டான். நான் பேட்டரி வயரைக் கழற்ற ஸ்பேனரைத் தேடினேன்.

அக்கா மட்டும் பயப்படவில்லை. துப்பட்டாவை இழுக்கவும் இல்லை. அவர் முகம் சிவந்துவிட்டது. என்னையும் குணாவையும் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, லோரியிடம் தணிந்த குரலில் சொன்னார். ஃபேன்கள் நின்றன, துணி கீழே விழுந்தது. அவர் சொன்னது இவ்வளவுதான்: "விடுங்க, ஆளுங்க பாக்கறாங்க."

தண்ணீர் சூடானால் ஃபேனை ஓடவைக்கும் அந்த ஸ்விட்சைக் கழற்றி மூன்று விதமாகச் சோதித்தும் ஒரு குறையும் கிடைக்கவில்லை என்பதால், சக தொழிலாளர்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான்: ஃபேன் எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று கட்டாயம் பாருங்கள், யார் சொல்லி நிற்கிறது என்று மட்டும் பார்க்காதீர்கள்.