கோட்டு மணக்குது

போன ஞாயிற்றுக்கிழமை, கல்யாணத்துக்குத் தைத்த கோட்டை மாட்டிக்கொண்டு வேதக்கோயிலுக்குக் கிளம்பினேன். ஒரு வாரமாக மழை. துணியெல்லாம் அடுக்களைக் கொடியில்தான் காய்கிறது. எனக்கோ சளி பிடித்து, மூக்கு அடைத்துக் கிடந்தது.

வாசல்வரை வந்த என் மனைவி நேசம் மெல்லச் சொன்னாள்: "கோட்டு மணக்குது."

கல்யாணமாகி மூன்று மாதம்... அவளாக வாய் திறந்து பேசுவதே அபூர்வம். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. நான் தோவாளைக்காரன். பூ விற்கிற ஊரில் 'மணக்குது' என்றால் வேறென்ன பொருள்?

கோயிலில் என் பெஞ்சில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக நகர்ந்தார்கள். கடைசியில் பக்கத்து வீட்டுக் குமாஸ்தா காதோடு கேட்டார்: "வாத்தியார் சாரே, கருவாட்டுச் சந்தைக்குப் போயிட்டா வாறீரு?"

கொடிக்குக் கீழேதான் கருவாட்டுப் பானை இருந்திருக்கிறது.

வீட்டுக்கு வந்து கத்தினேன். "ஒரு வார்த்தை சொல்லப்பிடாதா?"

"சொன்னேனே, மணக்குதுன்னு."

"அது பூவுக்குச் சொல்லுறது."

"எங்க கருங்கல் ஊர்ல எல்லாத்துக்கும் மணம்தான். பூவும் மணக்கும், மீனும் மணக்கும்." கோட்டை வாங்கி மடித்தபடி சொன்னாள்: "நான் எது பேசினாலும் அத்தை சிரிக்காவ. நீங்களும் கூடச் சிரிக்கிய. அதான் பேசாம இருக்கேன்."

அந்தப் பேசாமையைப் பார்த்து அடக்கமான பெண் என்று ஊரெல்லாம் பெருமை பேசியவன் நான்.

சாயங்காலம் அகராதியைப் புரட்டினேன். மணத்தல் — கமழ்தல், கல்யாணம் செய்தல். கலத்தல், கூடுதல் என்றும் இருந்தது. காற்றோடு கலப்பதால்தான் அது மணம் ஆனதோ? இருக்கலாம். அப்படியானால், நல்ல வாசனை மட்டும்தான் கலக்க வேண்டும் என்று காற்றுக்குச் சட்டம் உண்டா என்ன?

அம்மா காதில் விழும்படியே சொன்னேன்: "நேசம், நீ சொன்னதுதான் சரி. வாத்தியார் தோத்தாச்சு."

அவள் தலை குனிந்து சிரித்தாள்.

புதிதாக பஸ் விட்ட பிறகு கருங்கலுக்கும் தோவாளைக்கும் அரை நாள் தூரம்கூட இல்லை. பேச்சு வந்து சேரத்தான் நாளாகிறது.

இந்த வாரம் முழுக்க அடுக்களையில் இரண்டு குரல்கள். நேற்று சோறு பரிமாறிய அம்மா என்னிடம் கேட்டாள்: "கொறச்சுகூடி இடட்டா?"

இன்னும் கொஞ்சம் போடட்டுமா என்பதற்குக் கருங்கல் பேச்சு அது! சொன்னது அம்மாவுக்கே தெரியவில்லை.

நேசம் சிரிக்கவில்லை. குனிந்து மோர் ஊற்றினாள்... எங்கள் இரண்டு பேரையும்விட அவளுக்குப் பெரிய மனசு.