காட்டாத சாட்சியம்

கடல் கடந்து போய்ச் சேர்ந்த நாட்டில் என் கணவரை அகதி என்று ஏற்றுக்கொண்டார்கள். ஏற்றுக்கொண்ட கையோடு, நாட்டின் பாதுகாப்புக்கு ஆபத்தான ஆள் என்று குடிவரவுத் தடுப்பு முகாமில் அடைத்தும் வைத்தார்கள். என்ன ஆபத்து என்று கேட்டால், அது இரகசியமாம். அவருக்கும் காட்டமாட்டார்கள், அவருடைய சட்டத்தரணிக்கும் காட்டமாட்டார்கள். இங்கே வன்னியில், உருத்திரபுரத்தில் வயலுக்குத் தண்ணீர் இறைக்கும் மெசின்களைத் திருத்திக்கொண்டிருந்த மனிதர் அவர். இவருக்குப் பயந்து ஒரு நாடு நடுங்குகிறதா என்று முதலில் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

சிரிப்பு நெடுநாள் நிலைக்கவில்லை. சட்டத்தரணி அம்மா ஒருநாள் மொழிபெயர்க்கும் பிள்ளையை வைத்துக்கொண்டு தொலைபேசியில் என்னிடம் பேசினார்.

"அவருக்கு எதிரா என்ன இருக்கும் எண்டு நினைக்கிறியள், அக்கா? தெரிஞ்சாத்தானே நாங்கள் மறுக்கலாம்."

மடியில் கனமில்லாவிட்டால் வழியில் பயமில்லை என்பார்கள். அதைச் சொன்னவர் வன்னியில் இருந்திருக்கமாட்டார். போர்க்காலத்தில் இங்கே யாருடைய மெசினை அவர் திருத்தவில்லை, யாருடைய செத்தவீட்டுக்குப் போகவில்லை? அரிசி களையும்போதும் அவருடைய வாழ்க்கையைக் கிளறிக் குற்றம் தேடினேன்.

தேடப்போய்த்தான் அந்த இருவரும் நினைவுக்கு வந்தார்கள். அவர் வெளிநாட்டுக்கு வெளிக்கிட்டுப் போனபின், சாதாரண உடுப்பில் விசாரிக்க வந்த புலனாய்வுக்காரர். எங்கள் பக்கத்தில் அது புதினமில்லை. பயந்து பயந்து அவர்களைக் கதிரையில் இருத்தித் தேத்தண்ணி கொடுப்பதும் புதினமில்லை. புருஷன் எப்படிப்பட்ட ஆள் என்று கேட்டார்கள். கட்டியவனை எந்தப் பெண் குறைத்துச் சொல்வாள்?

"ஊரில ஆருக்கு என்னெண்டாலும் முன்னுக்கு நிக்கிறது அவர்தான். அவர் சொன்னா எல்லாரும் கேப்பினம்," என்றேன்.

அன்றே தொலைபேசியில் அவரிடமும் இதைச் சொன்னேன். அப்போது அவருக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

முகாமுக்குள் போனபின் அவர் ஒவ்வொருவராகச் சந்தேகப்படத் தொடங்கினார். முதலில் பக்கத்து வளவுக்காரன், பிறகு சொந்த மச்சான். ஒருநாள் கேட்டார்:

"அண்டைக்கு வந்தவைக்கு வேற என்ன சொன்னனி?"

"வேற ஒண்டும் சொல்லேல்லை."

அதன்பிறகு அவருடைய அழைப்பு வந்தால் உடனே எடுக்கத் தயங்கினேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். எனக்கோ பட்டப்பகலில், குசினிக்குள் சமைத்துக்கொண்டு நிற்கும்போது, நான் சொல்லாத சொற்களெல்லாம் என் குரலிலேயே கேட்டன. சொல்லியிருப்பேனோ என்று நானே என்னை விசாரிப்பேன்.

கடைசியில் அந்த நாட்டு நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. இரகசியச் சாட்சியத்தின் சாராம்சத்தையாவது சொல்லாமல், பதில் சொல்ல இடம் கொடுக்காமல், ஒருவரை அடைத்து வைக்க அரசியலமைப்பு விடாது என்று தீர்ப்பாயிற்று. அரசாங்கம் அதைக் காட்டச் சம்மதிக்கவில்லை. அந்தச் சாட்சியமே வேண்டாம் என்று திருப்பி எடுத்துக்கொண்டது. வேறொன்றும் கையில் இல்லாததால் அவரை விடவேண்டியதாயிற்று. சட்டத்தரணி அம்மாவுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். நான் கோயிலில் கற்பூரம் கொளுத்திவிட்டு அங்கேயே இருந்து அழுதேன்.

பின்னேரம் அவர் அழைத்தார். பின்னால் வாகனங்கள் போகும் சத்தம் கேட்டது.

"சாப்பிட்டியளோ?" என்று கேட்டேன்.

"ஓம். இனி அந்தச் சாட்சியத்தை ஒருத்தருக்கும் காட்டமாட்டினமாம்."

"அது துலையட்டும். நீங்கள் வெளியில வந்திட்டியள்தானே."

அழுகிற பிள்ளையைத் தேற்றுவதுபோல மெதுவாகச் சொன்னார்:

"இனிப் பயப்பிடாதை. உண்மையைச் சொல்லு. நான் கோவிக்கமாட்டன்."