ஒன்பது காவலும் ஒரு குடலிறக்கமும்

நாகலாபுரத்துக் கோவர்த்தனன் இருபது வருஷமாக வேன் ஓட்டுகிறவர். இப்போது ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனிக்கு ஆள் ஏற்றிப் போகிறார். யார் எதைக் கட்டிக்கொள்ளச் சொன்னாலும் மறுக்க மாட்டார். இடுப்பில் அங்காளம்மன் தாயத்து. புஜத்தில் நண்பர் சலீம் தர்காவிலிருந்து கொண்டுவந்த தகடு. கழுத்தில் ஒரு சிலுவை. அதோடு, கப்பல் வேலைக்குப் போன மச்சான் துருக்கியில் வாங்கிவந்த நீலக் கண்மணி. கம்பெனியின் ஜப்பான்காரர் ஊருக்குத் திரும்பும்போது தந்த சின்னப் பட்டுப் பை சட்டைப் பையில். அதைத் திறந்தால் பலன் போய்விடுமாம்; திறக்கவேயில்லை. இப்படி மொத்தம் ஒன்பது. எந்தச் சாமி எப்போது லீவில் இருக்கும் என்று யாருக்குத் தெரியும் என்பது அவர் கட்சி.

ஒன்பது பேர் காவலுக்கு நின்றும் குடல் இறங்கிவிட்டது. தள்ளிப்போட்டால் குடல் சிக்கி உயிருக்கே ஆபத்து என்றார் திருப்பதி டாக்டர். போன மாதம் ஆபரேஷன் தியேட்டர் வாசலில் எல்லாவற்றையும் கழற்றச் சொன்னார்கள். கோவர்த்தனன் பச்சை அங்கியோடு ஊர்ப்பக்கம் போகிற புத்தூர் பஸ் ஏறிவிட்டார்.

இந்தத் தடவை நர்ஸ் கலைவாணி வாசலை மறித்து நின்றாள்.

"அண்ணா, தகடு, கயிறு எதுவும் உள்ள வரக்கூடாது."

"இதெல்லாம் இல்லாம மேல கத்தி பட்டுட்டா?"

"கத்தி படத்தான் வந்திருக்கீங்க."

அவர் மனைவி ஜெயம்மாவுக்குப் பொறுமை போனது. "யோவ், எல்லாத்தையும் எனக்குக் கட்டு. உன் பேருக்கு நான் போட்டுக்கினு இங்கயே குந்திக்கினு இருக்கேன். அப்பவாவது உள்ள போவியா?"

கோவர்த்தனன் யோசித்தார். ரேஷன் கார்டில் இரண்டு பேரும் ஒன்றாகத்தானே இருக்கிறார்கள்? சாமிகளுக்கு அது போதும். ஒவ்வொன்றாகக் கட்டிவிட்டார். கழுத்தும் கையும் நிறைந்துபோய், சோழி கோத்த கறுப்புக் கயிறு மிஞ்சியது. அது கணுக்காலுக்குப் போனது.

"நான் வர்றவரைக்கும் கழட்டக் கூடாது."

"சரி, போய்யா."

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. சாயங்காலம் அவர் கண்விழித்தபோது, பக்கத்தில் சக்கர நாற்காலியில் ஜெயம்மா. காபி வாங்கப் போனவள் துடைத்து ஈரமாயிருந்த படியில் வழுக்கிவிட்டாள். கணுக்கால் பப்பாளி போல் வீங்கியிருந்தது.

"ஒண்ணுமே இல்லாம நீ கத்திக்கு அடியில படுத்து முழுசா வந்துட்ட. ஒன்பதும் மாட்டிக்கினு நான் காபிக்குப் போயி வுழுந்தேன். இப்ப இன்னா சொல்ற?"

தையல் வலியோடு கோவர்த்தனன் யோசித்தார். "அதுங்க இல்லன்னா இடுப்பே போயிருக்கும்மே."

ஜெயம்மாவின் விரல் நீலக் கண்மணியை ஒருமுறை தொட்டுப் பார்த்ததை அவர் கவனித்தார்.

எக்ஸ்ரேவுக்குக் கூட்டிப்போக வந்த கலைவாணி குனிந்து பார்த்தாள். "அம்மா, கால் கயித்தக் கழட்டுங்க. சோழி படத்துல விழும்."

ஜெயம்மா காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். "மாட்டேன். அப்புறம் இடுப்பு போயிடும்!"

சிரித்தால் தையல் பிரியும். கோவர்த்தனன் ஒரு கையால் வயிற்றை அழுத்திக்கொண்டு மறு கையை நீட்டினார்.

"குடு. நீ வர்றவரைக்கும் உன் பேருக்கு நான் போட்டுக்கினு இருக்கேன்."

கலைவாணி தலையில் அடித்துக்கொண்டே அதை அவர் காலில் கட்டிவிட்டாள்.