கடைசி நூறடி

ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியைப் பல்லால் கடித்துக்கொண்டு, முனையை ஓடும் எஞ்சின்மேல் ஊன்றி, கண்ணை மூடிக் குனிந்திருக்கிறார் நார்லீன் ஸ்டக்கி. காதைவிடப் பல்லுக்கு நன்றாகக் கேட்கும் என்பது அவர் கட்சி. அந்த நேரத்தில் யாராவது பேசினால் இடது கையைத் தூக்கி விரல்களை மடக்குவார். வாயை மூடு என்று பொருள். தலையில் சமையல்கூடத்தில் முடிக்குப் போடும் வலை. வார நாட்களில் எங்கள் பள்ளிக்கூடத்தில் பீன்ஸும் சோள ரொட்டியும் சமைக்கிறவர், சனிக்கிழமை பைன் ஃபோர்க் கார்ப் பந்தய ஓடுதளத்துக்கு வரும்போதும் அந்த வலையைக் கழற்றுவதில்லை.

"முடி பீன்ஸ்ல விழுந்தா என்ன, கார்புரேட்டர்ல விழுந்தா என்ன? எடுக்கப் போறது நான்தானே?" என்பார்.

ஸ்பார்க் பிளக்குகளை மஃபின் சுடும் தட்டில்தான் அடுக்குவார். தட்டில் பன்னிரண்டு குழி, எஞ்சினில் எட்டு பிளக். மிச்சக் குழிகளில் வறுத்த வேர்க்கடலை. பிளக்கின் கரியை மோந்து பார்த்த கையாலேயே கடலையையும் எடுத்து வாயில் போடுவார். எதை எப்போது தொட்டார் என்று அவருக்கே தெரியாது.

போன குளிர்காலத்தில் நார்லீன் முதல் தடவையாக ஓர் எஞ்சினைத் தன் கையாலேயே பூட்டினார். அதற்கு முன்பெல்லாம் துல்சாவில் ஓர் ஆளிடம் கொடுத்து வாங்குவார்கள். எல்லாம் புதிதாகப் போட்டவர், வால்வு ஸ்பிரிங்குகளை மட்டும் பழைய எஞ்சினிலிருந்து எடுத்துப் போட்டார். "நல்லாத்தான் இருக்கு" என்று அன்றைக்குச் சொன்னார். கார் ஓட்டுவது மகள் டேட்டம். ஸ்பிரிங் தளர்ந்தால் வால்வு பிஸ்டனில் இடிக்கும். பந்தயம் முடியும் கோட்டருகே முழு வேகத்தில் இடித்தால் எஞ்சின் உடைந்து, எண்ணெய் பின் சக்கரத்தில் கொட்டி, கார் எந்தப் பக்கம் திரும்பும் என்று சொல்ல முடியாது. ஓடுதளத்தின் இரு பக்கமும் கான்கிரீட் சுவர்.

இதை நினைத்துத்தான் அந்தச் சனிக்கிழமை காலை நார்லீன் ஒரு கடலையைக்கூடத் தொடவில்லை. இரண்டு வெள்ளோட்டத்திலும் கார் கிளம்பிய விதத்தில் குறையே இல்லை. பாதித் தூரம் வரை கணக்குப்படி போனது. கோட்டைத் தாண்டும்போது மட்டும், நூற்றிருபத்திரண்டு மைல் வேகம் காட்ட வேண்டிய பலகை நூற்றுப் பதினான்கு காட்டியது.

"தலை நல்லாருக்கு, வால்தான் செத்துப் போச்சு" என்றார் நார்லீன்.

டேட்டம் ஹெல்மெட்டைக் கழற்றினாள். "நான் கடைசி வரைக்கும் மிதிச்சுக்கிட்டுத்தாம்மா இருந்தேன்."

"உன்னை யாருடி கேட்டா?"

நார்லீன் வேலையில் இறங்கினார். பிளக்குகளைக் கழற்றினார். எட்டும் ஒரே பழுப்பு, எரிவதில் குறையில்லை. காரை ஜாக்கியில் ஏற்றி ஒவ்வொரு சக்கரமாகக் கையால் சுற்றினார். பிரேக் எங்கேயும் பிடிக்கவில்லை. டேட்டமை ஆக்சிலரேட்டரை மிதிக்கச் சொல்லி, டார்ச்சைப் பிடித்துக் கார்புரேட்டருக்குள் பார்த்தார். மூடி முழுக்கத் திறந்தது. பெட்ரோல் வடிகட்டியைக் கழற்றி வாயால் ஊதினார், துப்பினார், திரும்ப மாட்டினார்.

பக்கத்தில் தன் காரை நிறுத்தியிருந்த கிழவர் டூயிக்கு இதெல்லாம் நல்ல பொழுதுபோக்கு. "என்ன நார்லீன், எஞ்சின்ல பீன்ஸ் ஊறப் போட்டுட்டியா?"

"உனக்கும் ஒரு தட்டு எடுத்து வெச்சிருக்கேன். பல்லு செட்டை மாட்டிக்கிட்டு வா."

சிரித்தது டூயி மட்டும்தான்.

பிறகு நார்லீன் மகளின் ஹெல்மெட்டை வாங்கி, வலைக்கு மேலேயே மாட்டிக்கொண்டு, தானே ஓட்டிப் பார்க்கப் போனார். காலை நேரத்தில் யார் வேண்டுமானாலும் ஓட்டலாம். கார் அழகாகக் கிளம்பியது. பலகையில் நூற்றுப் பதின்மூன்று.

திரும்பி வந்தவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை. "ஸ்பிரிங்தான். என் புத்தியைச் செருப்பால அடிக்கணும். டிரெய்லரைக் கொண்டாங்க, வீட்டுக்குப் போலாம்" என்றார். எஞ்சினைப் பிரித்தால் அந்த ஆண்டு பந்தயம் அவ்வளவுதான். டேட்டம் கையுறையை உருவினாள்.

அப்போதுதான் நார்லீனின் கணவர் ஆரின், மடக்கு நாற்காலியை அக்குளில் இடுக்கிக்கொண்டு நடந்து வந்தார். வீட்டு ஆள் ஓட்டும்போது அவருக்குக் கிளம்பும் இடத்தில் நிற்கத் தெம்பு கிடையாது. ஓடுதளத்தின் மறு கோடியில், கோட்டுக்குப் பக்கத்து வேலியோரம் போய்க் கண்ணை மூடி உட்கார்ந்துகொள்வார். சத்தத்தை வைத்தே கார் பத்திரமாகத் தாண்டிவிட்டதா என்று தெரிந்துகொள்வார்.

"ஏன், ரெண்டு பேரும் கோட்டுக்கு முன்னாடியே ஆக்சிலரேட்டர்லேர்ந்து காலை எடுத்துட்டீங்க? வேணும்னுதானா?" என்று கேட்டார்.

"யாரு எடுத்தா?" அம்மாவும் மகளும் ஒரே குரலில் கேட்டார்கள்.

"சத்தம் விழுதே. முதல்ல அவ, இப்ப நீ. கோட்டுக்கு நூறடி இருக்கும்போதே பொசுக்குனு விழுது."

"நான் எடுக்கலய்யா."

"சரி, எடுக்கல. சத்தம்தான் விழுந்துச்சு."

டூயி முதலில் சிரிக்க ஆரம்பித்தார். எனக்குக் கொஞ்சம் பொறுத்துத்தான் புரிந்தது. எங்கள் பக்கத்தில் எல்லோரும் ஓட்டுவது வேறு மாதிரிப் பந்தயம். எவ்வளவு நேரத்தில் தாண்டுவீர்கள் என்று முன்கூட்டியே கார்க் கண்ணாடியில் ஷூ பாலிஷால் எழுதிவிட வேண்டும். எழுதியதைவிடச் சீக்கிரம் போனால் தோல்வி. அதனால் பக்கத்துக் காரை முந்திக்கொண்டு போகிறவர் கோட்டருகே காலைத் தூக்கிக்கொள்வார். நார்லீன் அப்படித்தான் வருடக்கணக்காக ஜெயித்தார். டேட்டம் எட்டு வயதில் சிறுவர் காரில் ஏறியபோது அவளுக்கும் அதையே பழக்கினார். இந்த ஆண்டுதான் அவர்கள், யார் முதலில் தாண்டினாலும் வெற்றி என்கிற பந்தயத்துக்கு மாறியிருந்தார்கள். மாறியது காலுக்குத் தெரியவில்லை.

"அம்மாவுக்கும் பொண்ணுக்கும் ஒரே காலு" என்றார் டூயி, கண்ணைத் துடைத்தபடி.

நார்லீன் கவிழ்த்துப் போட்ட வாளிமேல் உட்கார்ந்தார். "எஞ்சின் நல்லாருக்கு" என்றார், யாரிடமும் அல்ல. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும், "என் எஞ்சின் நல்லாத்தான்டா இருக்கு." கை தானாகத் தட்டுக்குப் போயிற்று. ஒரு பிடி கடலையை வாயில் போட்டு மென்றுகொண்டே மகளைக் கூப்பிட்டார்.

"கோட்டைப் பாக்காத. அதுக்கு அப்பால தண்ணித் தொட்டி இருக்கே, அதுதான் கோடுன்னு நினைச்சுக்க. அது வரைக்கும் மிதி."

"அதையும் தாண்டிப் போயிட்டா?"

"பிரேக்குனு ஒண்ணு இருக்குடி."

கடைசி வெள்ளோட்டம். நார்லீன் கிளம்பும் இடத்துச் சுவரோரம் நின்றார். விளக்கு பச்சையானது. கார் முன்சக்கரம் லேசாக எழும்ப, சின்னதாகிக்கொண்டே போயிற்று. கோடு நெருங்கியபோது நார்லீனின் வலது குதிகால் தரையிலிருந்து மெல்ல எழும்பியது. அவர் குனிந்து பார்த்தார். இடது பூட்ஸைத் தூக்கி வலது பாதத்தின்மேல் வைத்து அழுத்தினார். பலகையில் நூற்றிருபத்திரண்டு எரிந்தது. டூயி தொப்பியைக் கழற்றி ஆட்டினார். கார் தண்ணீர்த் தொட்டியையும் தாண்டிப் புள்ளியாகக் கரைந்த பிறகும், நார்லீன் அந்தப் பாதத்தை விடாமல் மிதித்துக்கொண்டே நின்றார்.