அப்பா வெளியே இருக்கட்டும்

எங்கள் குடும்பத்தில் எந்த வழக்கும் சூடத்துக்கு முன்னால்தான் தீரும். வரப்புத் தகராறு, காணாமல் போன கோழி, யார் யாரை முதலில் ஏசினார்கள் என்பது, எல்லாவற்றுக்கும் மாதேஸ்வரன் படத்தின் முன் தட்டில் சூடம் ஏற்றுவோம். எரியும்போதே உள்ளங்கையால் அடித்து அணைத்து, "நான் சொல்றது நிசம்" என்று சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் அதற்கு மேல் பேச்சில்லை. மைசூருக்கு வந்து டைல்ஸ் வேலையில் பதினைந்து வருடம் ஓடிய பிறகும் நான் அதை விடவில்லை. சாமியை விடப் பெரிய கோர்ட்டு ஏது என்று இருந்தவன் நான். அந்தச் சூடத்தின் முன் என் ஒன்பது வயது மகளை நிறுத்தினேன். இதே நிலையில் நிற்கும் இன்னொரு தகப்பன் அதைச் செய்யாதிருக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

நானும் மனைவியும் வேலைக்குப் போகிறவர்கள். பள்ளி விட்டதும் மகள் அடுத்த தெருவில் என் அக்கா வீட்டில் இருப்பாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை தலைக்கு எண்ணெய் வைத்துவிட்டுக்கொண்டிருந்த தன் அம்மாவிடம் அவளாகவே சொன்னாள், மாமா தன்னிடம் தப்பாக நடக்கிறார் என்று. மாமா என்றால் அக்காவின் வீட்டுக்காரர்.

அன்றிரவே அக்காவுக்குப் போன் செய்து கேட்டேன். மறுநாள் காலையில் அவள் அழுதுகொண்டு வந்தாள்.

"தம்பி, இத்தனூண்டு புள்ளை பேச்சைக் கேட்டு என்ற குடியைக் கெடுப்பியா? சாமி முன்னால சொல்லட்டும், பாக்கலாம்."

நான் தலையாட்டினேன். நானே சூடத்தை ஏற்றினேன். அக்கா குனிந்து, "ஒரு வார்த்தை மாறுனாலும் கண்ணு அவிஞ்சிரும் அம்மணி" என்றாள். குழந்தை அடித்து அணைத்தாள். கை நடுங்கியது.

"பாத்தியா, கை நடுங்குது. பொய்!" என்றாள் அக்கா.

நெருப்பில் கை வைக்கிற எந்தக் குழந்தைக்குத்தான் நடுங்காது? என் மனைவி பையை எடுத்துக்கொண்டாள். என்னைப் பார்த்து, "நீங்க வர்றீங்களா, நான் மட்டும் போகட்டுமா?" என்றாள். நான் சட்டையை மாட்டினேன். அன்றைக்கே போலீசில் புகார் கொடுத்தோம்.

குழந்தையை விசாரிக்க அடுத்த நாள் வரச் சொன்னார்கள். லத்தியும் மேசையும் இருக்கும், மிரட்டுவார்கள் என்று நினைத்துப் போனேன். அது ஸ்டேஷனே இல்லை. குழந்தைகளுக்கென்று தனிக் கட்டடம். பாய், கலர் பென்சில், சுவரில் ஒரு சின்ன கேமரா. குழந்தை சொல்வது அவள் வார்த்தையிலேயே பதிவாக வேண்டும் என்பதற்காக அந்தக் கேமரா. விசாரிக்கிற பெண் அதிகாரி சுடிதாரில் இருந்தார். முதலில் எங்களிடம் மட்டும் பேசினார். அவருக்குத் தமிழ் புரியும், பேச வராது; அவர் கன்னடத்தில் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன். குழந்தைக்கு எந்த மொழி வசதி, எதற்குப் பயப்படுவாள், சாப்பிட்டாளா என்று கேட்டார். "இப்படிச் சொல்லு என்று வீட்டில் சொல்லிக்கொடுக்கவில்லையே?" என்றார்.

"இல்லைங்க மேடம்" என்றேன், பெருமையாக. சூடத்தைச் சொல்லவில்லை. அது இதில் சேரும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

பிறகு குழந்தையிடம், கூட யார் இருக்க வேண்டும் என்று கேட்டார்.

"அம்மா" என்றாள். கொஞ்சம் கழித்து, "அப்பா வெளியே இருக்கட்டும்."

அரை மணி நேரத்தில் அதிகாரியும் மனைவியும் வெளியே வந்தார்கள். பள்ளிக்கூடம், தோழி, பூனை என்று கன்னடத்தில் நன்றாகப் பேசியவள், வீட்டுப் பேச்சு வந்ததும் வாயை மூடிக்கொண்டாளாம். அதிகாரி அவளை வற்புறுத்தவில்லை. "இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம். ஆனால் யாராவது அவளைப் பயமுறுத்தினார்களா?" என்றார்.

மனைவி என்னைப் பார்த்தாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் திட்டவில்லை. "எந்த நாள், எத்தனை தடவை என்று பெரியவர்களாலேயே சரியாகச் சொல்ல முடியாது. ஒரு வார்த்தை தப்பினால் கண் போகும் என்றால் குழந்தை எப்படிப் பேசும்?" என்று மட்டும் கேட்டார்.

"நான் அவகிட்ட ஒண்ணு சொல்லலாங்களா?"

"நடந்ததைப் பற்றி ஒரு சொல் கூடாது. அந்தச் சத்தியத்தைப் பற்றி மட்டும். என் முன்னால், கேமரா ஓடும்போதே."

உள்ளே போய்ப் பாயில் உட்கார்ந்தேன். மகள் பென்சிலை விடவில்லை.

"அம்மணி, அன்னிக்குச் சூடம் அணைக்கச் சொன்னது அப்பா செஞ்ச தப்பு. அந்தச் சத்தியம் இனி உனக்கில்லை. பாவம்னு ஏதாச்சும் இருந்தா அது எனக்கு."

"அத்தை சொன்னாங்கல்ல, கண்ணு அவிஞ்சிரும்னு?"

"அவியாது சாமி."

"சிலது மறந்துருச்சுப்பா."

"மறந்தா மறந்துருச்சுன்னு சொல்லு. சொல்லப் புடிக்கலைன்னா அதையும் சொல்லு."

யோசித்தாள். "மாதேஸ்வரன் புலி மேல போறவரு. கோவிச்சுக்கிட்டாருன்னா?"

"புலியையே அடக்குனவரு, உன்ற மறதிக்கா கோவிச்சுக்குவாரு?"

அதிகாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மகள் சிரிக்கவில்லை. "சரி, நீ வெளிய போப்பா" என்றாள்.

ஒரு மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தேன். கதவின் கண்ணாடி வழியாக எட்டிப் பார்க்கக் கால் பரபரத்தது. உட்கார்ந்தே இருந்தேன். நடுவில் அக்கா போன் செய்தாள்.

"என்ன சொல்றா?"

"தெரியாதுக்கா. கேக்கவும் மாட்டேன்."

"புகாரை வாபஸ் வாங்கிக்கோ தம்பி. மாதேஸ்வரன் மலைக்குப் போய்ப் பேசி முடிச்சுக்கலாம்."

"மலைக்கு வர்றேன். கும்பிட மட்டும்தான் வருவேன்."

மகள் வெளியே வந்து பசிக்கிறது என்றாள். அவள் என்ன சொன்னாள் என்று இன்று வரை எனக்குத் தெரியாது. வீட்டில் அதைத் துருவக் கூடாது, அவளாக வந்து சொன்னால் காது கொடுத்தால் போதும் என்று அதிகாரி சொல்லி அனுப்பினார். மனைவியும் என்னிடம் சொல்லவில்லை. அவனுக்குத் தண்டனை கிடைக்குமா என்று கேட்டேன். "அதை நான் வாக்குக் கொடுக்க முடியாது. அவள் சொன்னதை முழுதாகக் கேட்டோம். இனி அதை வைத்து வேலை செய்ய வேண்டியது நாங்கள்" என்றார். ஆறுதலாக ஒரு பொய் சொல்லியிருக்கலாம். சொல்லாததால் அவர் மேல் நம்பிக்கை வந்தது.

அடுத்து மாஜிஸ்திரேட் முன்னால் வாக்குமூலம். அன்று அக்காவும் கோர்ட்டுக்கு வந்து வராந்தாவில் நின்றாள். உள்ளே யார் வர வேண்டும் என்று இங்கேயும் மகளிடம் கேட்டார்கள்.

"அம்மா. அப்பா வெளியே."

மனைவியும் மகளும் உள்ளே போனார்கள். அக்கா கதவை நோக்கி நடந்து வந்தாள். நான் எழுந்துபோய் வழியை மறித்து நின்றேன்.

"உள்ள குழந்தை பேசுது, அக்கா" என்றேன். "முடிக்கட்டும்."