நாலு வாட்டுத் தாணுமாலையன்

உலக வரலாற்றில் 1994-ஆம் ஆண்டுக்கு என்ன இடம் என்று எனக்குத் தெரியாது. திருநெல்வேலி டவுண் தெற்கு ரத வீதியில் அது கொம்பு வந்த ஆண்டு. நில அளவை அலுவலக எழுத்தர் தாணுமாலையன், முக்கூடலில் மூடிக் கிடந்த சினிமாக் கொட்டகையிலிருந்து ஆளுயரக் கொம்பு ஒலிபெருக்கிகள் இரண்டை வாங்கி, வேனில் ஏற்றி வந்து வீட்டுக் கூடத்தில் நிறுத்தினார். அதன் பிறகே மனைவியிடம் அனுமதி கேட்டார். மாவீரர்கள் இந்த வரிசையில்தான் காரியம் செய்வார்கள்.

மனைவி பிரம்மநாயகி பள்ளி ஆசிரியை. கெடு வைத்துப் பழகியவர்.

“கொலுவுக்கு இன்னும் பன்னெண்டு நாளு இருக்கு. அதுக்குள்ள ரெண்டும் உருப்படியாப் பாடணும். இல்லன்னா வந்த வண்டியிலேயே முக்கூடலுக்குப் போயிரும். தொணைக்கு நீங்களும் போறதுன்னா போங்க.”

கொம்புக்கு ஆம்ப்ளிஃபயர் வேண்டும். சவுண்டு சர்வீஸ் வன்னியராஜ் தன் இருநூற்றைம்பது வாட்டுப் பெட்டியைத் தோளில் தூக்கி வந்தார்.

“அண்ணாச்சி, இதைப் போட்டா சீவலப்பேரி வரைக்கும் கேக்கும்!”

“எனக்கு எதுத்த செவுரு வரைக்கும் கேட்டாப் போதும்டே.”

பொத்தானைத் தட்டியதும், பாட்டு வைப்பதற்கு முன்பே, கூடத்தில் ‘ஸ்ஸ்ஸ்’ என்று அடைமழை பிடித்தது. பிரம்மநாயகி மொட்டைமாடிக்கு ஓடி, காய்ந்த வத்தலையெல்லாம் அள்ளிக்கொண்டு இறங்கி வந்து, நனையாத முறத்தையும் கணவரையும் மாறி மாறிப் பார்த்தார். அன்று சாப்பாட்டில் வத்தல் இல்லை.

தாணுமாலையன் ஞானம் பெற்றது அப்போதுதான். இந்தக் கொம்புகளுக்கு ஒரு வாட்டு கொடுத்தாலே தெரு எழுந்துவிடும். ஆனால் ஆம்ப்ளிஃபயர் தனக்குள் முணுமுணுப்பதையும் அவை ஒளிக்காமல் வெளியே சொல்லிவிடும். ஆகவே வேண்டியது பலமான பெட்டி அல்ல, அடக்கமான பெட்டி.

கொம்பின் அடியில் மாட்டும், சத்தம் எழுப்பும் கனத்த யூனிட்டைக் கழற்றி மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு டவுன் பஸ் ஏறினார். வாட்டுக் கணக்கில் பெருமை பேசும் பதினோரு கடைகளில் ஏறி இறங்கினார். எங்கும் ஒரே சோதனைதான்: யூனிட்டை மாட்டுவார், பாட்டுப் போட விடமாட்டார், காதை ஒட்டி வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார்.

“அண்ணாச்சி, கேசட்டு போடட்டா?”

“பாட்டு எல்லாப் பெட்டியும்தான் பாடும். சும்மா இருக்கத் தெரியுதான்னு பாக்கேன்.”

பதினோரு பெட்டிக்கும் தெரியவில்லை. தேர்வில் இவ்வளவு கண்டிப்பை அவர் மனைவிகூடக் காட்டியதில்லை.

கெடுவுக்கு மூன்று நாள் இருக்கும்போது, மேலப்பாளையத்தில் ரேடியோ பழுது பார்க்கும் ஷேக் மைதீன் கடையில், பழைய வால்வு ரேடியோவின் வயிற்றிலிருந்து எடுத்த ஆம்ப்ளிஃபயர் ஒன்று தூசியோடு கிடந்தது.

“நாலு வாட்டுதான் வே. இதை வித்தேன்னு வெளியில சொல்லாதியும். தொழில் கெட்டுரும்.”

போட்டுப் பார்த்தார்கள். மழை இல்லை. வண்டு ஒன்று மட்டும் மெல்ல ரீங்காரமிட்டது. “அந்த வண்டையும் ஓட்டிரணும் பாய்” என்று தாணுமாலையன் இரண்டு நாள் அலுவலக விடுப்பு எடுத்து அங்கேயே உட்கார்ந்துவிட்டார். டிரான்ஸ்பார்மரைக் கழற்றித் தனிப் பெட்டியில் வைத்து, ஒரு முழம் இரண்டு முழமாகத் தள்ளித் தள்ளி வைத்ததில் வண்டு பறந்தது.

கொலுவுக்கு முந்தின நாள் மாலை. பிரம்மநாயகி படிக்கட்டுப் பலகைகளோடு நின்றார். வாசலில் வேன் நின்றது. வேடிக்கை பார்க்க வன்னியராஜும் வந்திருந்தார். தாணுமாலையன் சுவிட்சைப் போட்டார். ஒன்றுமே கேட்கவில்லை.

“அண்ணாச்சி, செத்துப்போச்சு.”

“உசிரோட இருக்குடே. பேசாம இரி.”

நாதஸ்வரக் கேசட்டைப் போட்டார். முதல் சுரத்துக்கு முன்னால் மெல்லிய ஓசை ஒன்று வந்தது.

பிரம்மநாயகி பலகையைக் கீழே வைத்தார். “ஊதுததுக்கு முன்னால மூச்சு இழுக்காருல்லா?”

“ஆமா.”

“நம்ம கூடத்துலயே நின்னு இழுக்க மாதிரி இருக்கு.”

கேசட்டின் ஒரு பக்கம் முழுக்க ஓடி முடிந்தது. பிறகு பிரம்மநாயகி வாசலுக்குப் போய், “தம்பி, நீ வண்டியை எடு” என்றார்.

அந்த வருடம் கொலு, இரு கொம்புகளுக்கும் நடுவே, ஒன்பது படிக்குப் பதில் ஐந்து படியோடு ஒடுங்கி நின்றது. சுண்டலுக்கு வந்த பெண்களை பிரம்மநாயகி தாமே கையைப் பிடித்து, தரையில் மாக்கோலம் போட்ட ஓரிடத்தில் உட்கார வைத்தார்.

“இங்கன இருந்தாத்தான் ரெண்டும் சமமாக் கேக்கும். சுண்டலைப் பைய மெல்லுங்க. சத்தம் வருது.”